பத்து வயது முகத்துக்கு எதை வாங்குவது, எதை விடுவது: திருகோணமலைக் கடைத்தட்டுகள் பற்றிய மதிப்பீடு

ஆண்டு ஆறு படிக்கிற பிள்ளை சீரம் கேட்கிற காலம் இது. கைபேசியில் வருகிற அக்காமார் முகத்தில் வரிசையாக எதையெல்லாமோ தடவுகிறார்கள். பிள்ளைக்கும் அந்தச் சின்னப் போத்தல்கள் வேண்டும். 2025 இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வொன்று, 7 முதல் 18 வயது வரையான பெண்பிள்ளைகள் டிக்டொக்கில் போட்ட இப்படியான 100 காணொளிகளை எடுத்துக் கணக்குப் பார்த்தது. ஒரு முகத்துக்குச் சராசரி ஆறு பொருட்கள். மாதச் செலவு சராசரி 168 டொலர். பகலில் பூசுகிற வரிசைகளில் சன்ஸ்கிரீன் இருந்தது 26 சதவீதத்தில் மாத்திரம். இவ்வளவு காசு கொட்டியும் கட்டாயம் இருக்க வேண்டிய சாமானைத்தான் பெரும்பாலானோர் விட்டிருக்கிறார்கள்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற முகத்துக்கு மூன்று சாமான் போதும்: மென்மையான பேஸ்வோஷ், வாசனை சேர்க்காத லேசான மொய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். கொழும்புக்குச் சொல்லி அனுப்பத் தேவையில்லை, மூன்றையும் ஊரிலேயே தேடிப் பிடிக்கலாம். ஆனால் பான்சி கடையின் கண்மட்டத் தட்டில் தேடினால் அகப்படாது. பாமசியில், ஒரு மூலையில், படமோ மினுக்கமோ இல்லாத வெள்ளைப் போத்தலாக நிற்கும். பிள்ளைக்கு அதைப் பார்த்தால் பிடிக்காது. அது வேறு பிரச்சினை.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பேஸ்வோஷைத் தெரிவதற்கு முன் வீட்டுத் தண்ணீரைத் தெரிய வேண்டும். நகரத்துக்குக் கந்தளாய்ப் பக்கமிருந்து குழாய்த் தண்ணீர் வருகிறது. உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி என்று கரையோரமாகப் போகப் போக, கிணற்றிலேயே குளிக்கிற வளவுகள் நிறைய. அதில் பல கிணறுகள் சவர். சவரோ கடினமோ ஆன தண்ணீரில் சாதாரணச் சவர்க்காரம் நுரைக்காது. தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகி வாளியின் உட்புறத்தில் வளையம் போடும். அதே படிவு பிள்ளையின் மூக்கோரத்திலும் தாடையிலும் படியும். நுரை வரவில்லை என்று பிள்ளை இன்னும் இரண்டு தரம் தேய்க்கும். தோல் இழுபட்டு, காய்ந்து, சொரசொரத்துப் போவது அதனால்தான்.

சோதிப்பது லேசு. வெறும் தண்ணீர்ப் போத்தலொன்றில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, சவர்க்காரத்தை நகத்தளவு சீவிப் போட்டு, மூடிப் பத்துப் பதினைந்து தரம் குலுக்குங்கள். நுரை அடங்காமல் நிலைத்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்தண்ணீர். நுரை உடனே அடங்கித் தண்ணீர் பால்போலக் கலங்கினால் கடினத் தண்ணீர். அந்த வீட்டில் முகத்துக்குச் சவர்க்காரக் கட்டியை அடியோடு நிறுத்துவதுதான் முதல் வேலை.

தண்ணீர் நல்லதாக இருந்தாலும் சவர்க்காரம் முகத்துக்கு உகந்ததல்ல. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, அமிலம், காரத்தை அளக்கிற பிஎச் எண்ணில் 5 ஐ ஒட்டியிருக்கும். சவர்க்காரக் கட்டி 9 அல்லது 10. பெட்டியின் பின்னால் ‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் தாலோவேட்’, ‘சோடியம் கோகோவேட்’ என்று இருந்தால் அது சவர்க்காரம். முன்னால் ‘பேபி’ என்றோ, வேம்பு என்றோ, சந்தனம் என்றோ, பால் என்றோ என்ன எழுதியிருந்தாலும் கணக்கு மாறாது. குழந்தைப் படம் போட்ட கட்டி பத்து வயதுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிற வீடுகள் ஏராளம். உடம்புக்குப் போட்டால் பெரிய கெடுதியில்லை. முகத்துக்கு வேண்டாம்.

பேஸ்வோஷ்கள்

செட்டாபில் ஜென்டில் ஸ்கின் கிளென்சர்: இந்த வயதுக்கு எங்கள் முதல் தெரிவு. நுரைக்காது, மணக்காது, கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கும். ‘இது முகத்தைக் கழுவுதா இல்லையா’ என்ற சந்தேகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், கழுவுகிறது. குறை: சன்ஸ்கிரீனைத் தடிப்பாகப் பூசிய நாளிலும், தலை எண்ணெய் நெற்றியில் வழிந்த நாளிலும் ஒரு தரம் கழுவினால் போதாது. இரண்டு தரம் கழுவ வேண்டும். முதல் தரம் காய்ந்த முகத்தில், தண்ணீர் இல்லாமல், கடலைப் பருப்பளவு எடுத்து அரை நிமிடம் தடவி வழிக்க வேண்டும்.

செராவி ஹைட்ரேட்டிங் கிளென்சரும் அதே தரந்தான்: வாசனை இல்லை, தோலின் காப்புக் கொழுப்பான செரமைட்டும் ஈரம் பிடிக்கிற கிளிசரினும் உண்டு. விலை கடிக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அதே நிறுவனம் பருவுக்கான சாலிசிலிக் அமிலம் சேர்த்த கிளென்சரையும் கிட்டத்தட்ட அதே வடிவப் போத்தலில் விற்கிறது. அவசரத்தில் மாறி எடுத்தால், பரு இல்லாத முகம் காய்ந்து உரியலாம். பெயரின் கடைசிச் சொல்வரை வாசித்து எடுங்கள்.

கைக்கெட்டிய விலையில் வேண்டுமானால் டவ் கட்டி. அது கட்டியாக இருந்தாலும் முழுச் சவர்க்காரம் அல்ல. அதன் அடிப்படை ஐசெதையோனேட் வகைக் கழுவி, பிஎச் 7 ஐ ஒட்டியது, கடினத் தண்ணீரிலும் பெரிதாகப் படியாது. சாதாரண வெள்ளை டவ்வில் வாசனை உண்டு. சென்சிற்றிவ் என்ற வாசனையற்ற வகை அகப்பட்டால் அதையே எடுங்கள். இந்தக் கட்டி தண்ணீரில் ஊறினால் கூழாகிவிடும். கத்தியால் நாலாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் ஓட்டை உள்ள தட்டில் வைத்து, மிச்சத்தைச் சுற்றி அலுமாரியில் போட்டால் ஒரு கட்டி கனகாலம் ஓடும்.

‘ஒயில் கொன்ட்ரோல்’, ‘டீப் கிளீன்’, ‘அன்டி பிம்பிள்’ என்றெல்லாம் எழுதிய நீலம், பச்சை ரியூப்களை இந்த வயதில் விட்டுவிடலாம். கழுவியதும் தட்டைக் கழுவினதுபோல் ‘கிறீச்’ என்று இருந்தால் சுத்தம் என்று பிள்ளை நம்பும். தோலின் எண்ணெய்க் காப்பு போய்விட்டதற்கு அடையாளம் அது. நம்பகமான அளவுகோல் ஒன்று: கழுவித் துடைத்துப் பத்து நிமிடம் எதுவும் பூசாமல் விட்டு, பிள்ளையை வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். கன்னம் இழுபட்டால் அந்தப் பேஸ்வோஷ் கடுமை.

எத்தனை தரம்? பின்னேரம் ஒரு தரம் பேஸ்வோஷ் போட்டு. காலையில் வெறும் தண்ணீர். விளையாடி வேர்த்து வந்தால் உடனே தண்ணீரால் கழுவலாம். அதற்கும் பேஸ்வோஷ் வேண்டியதில்லை. கடலில் குளித்து வந்த நாள் நல்ல தண்ணீரில் முகத்தையும் கழுத்தையும் அலசி ஈரத்தோடேயே மொய்ஸ்சரைசர். தலை முழுகுகிற நாளில் முகமும் முதுகும் கடைசியாகக் கழுவ வேண்டும். ஷாம்பும் கண்டிஷனரும் வழிந்து தங்கினால் நெற்றியிலும் முதுகிலும் சின்னச் சின்னப் பொரி வரும்.

அக்குவஸ் கிரீம் பற்றிக் கொஞ்சம் விரிவாக

மொய்ஸ்சரைசர் என்று பாமசியில் கேட்டால் மலிவான தெரிவாக முதலில் கைக்கு வருவது அக்குவஸ் கிரீம். டப்பா பெரிது, விலை சின்னது, வாசனை இல்லை. பார்த்தால் இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரித்தானிய மருந்து நூல் முறைப்படி அக்குவஸ் கிரீமில் 30 சதவீதம் எமல்சிபையிங் ஒயின்மென்ட். அந்த ஒயின்மென்டில் 30 சதவீதம் எமல்சிபையிங் வக்ஸ். அந்த வக்ஸில் 10 சதவீதம் சோடியம் லோரில் சல்பேட். பெருக்கிப் பார்த்தால் கிரீமில் 0.9 சதவீதம் வருகிறது. ஷாம்பிலும் பற்பசையிலும் நுரைக்காகப் போடுகிற அதே சாமான். கழுவி விடுகிற பொருளில் இருந்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும். பூசி விட்டால் இரவு முழுக்கத் தோலிலேயே இருக்கும். எக்சிமா என்கிற, தோல் காய்ந்து அரிக்கிற நோய் உள்ள பிள்ளைகளுக்கு இதைப் பூசி விட்டால் எரிவும் சிவப்பும் வரலாம் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனம் 2013 இல் எச்சரித்தது. ஆகவே அக்குவஸ் கிரீமை வாங்கினால் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவப் பாவியுங்கள். அந்த வேலைக்கு நல்ல சாமான், மலிவும்கூட. பூசி விடுகிற மொய்ஸ்சரைசராக வேண்டாம்.

பூசி விட லோஷன் வகை நல்லது, தடித்த கிரீம் இந்த ஊர் வெக்கைக்குத் தாங்காது. பின்னால் ‘கிளிசரின்’ முதல் நாலைந்து பெயருக்குள் இருக்க வேண்டும். ‘பர்ஃபம்’ அல்லது ‘ஃபிரேகிரன்ஸ்’ இருக்கக் கூடாது. ‘மெதைல்ஐசோதயசோலினோன்’ என்ற நீளப் பெயர் இருந்தால் திருப்பி வையுங்கள்: ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர்போன பதப்பொருள் அது, ஐரோப்பாவில் பூசி விடுகிற அழகுசாதனங்களில் தடை. செட்டாபில், செராவி லோஷன்கள் இந்தச் சோதனையில் தேறும். குழந்தை லோஷன்கள் பலதும் வாசனையில் தோற்கும். ‘பிள்ளை மணம்’ என்று நாங்கள் விரும்புகிறதே அந்தப் பர்ஃபம்தான்.

பருவத்துக்கேற்ப மாற்றுவதும் வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரை உதடும் கன்னமும் வெடிக்கும். அப்போது காலையும் இரவும் பூசலாம். முழு முகத்துக்கும் கடலைப் பருப்பளவில் இரண்டு போதும். உதட்டுக்கு வெறும் வாஸ்லின். மாரி தொடங்கி ஊர் புழுங்குகிற மாதங்களில் இரவில் கன்னத்துக்கு மட்டும். நெற்றிக்கும் மூக்குக்கும் வேண்டாம், வேர்க்குரு போடும்.

கன்னத்தில் வெளிறிய வட்டம் வட்டமாகத் தெரிந்தால் ‘பூச்சி இருக்கு, பூச்சி மருந்து குடுங்கோ’ என்பார்கள். பிட்டிரியாசிஸ் அல்பா என்கிற அந்தத் திட்டுக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை, கல்சியக் குறைவுக்கும் இல்லை. காய்ந்த தோல் லேசாக அழன்று நிறம் குறைந்திருக்கிறது. சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கக் கறுக்க அது எடுப்பாகத் தெரியும். லோஷனும் சன்ஸ்கிரீனும் போட்டுவர மாதக்கணக்கில் நிறம் திரும்பும். ஒரு கிழமையில் மாற்றுகிறேன் என்று யாரும் கிரீம் தந்தால் வாங்காதீர்கள். ஏன் என்பது கீழே.

சன்ஸ்கிரீன்: பொருளைவிட அளவுதான் சிக்கல்

உச்சிப் பொழுதில் இங்கு, வெயிலின் கடுமையைச் சொல்கிற புற ஊதாச் சுட்டெண் 11 ஐத் தாண்டுவது சாதாரணம். பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரை மணி வெயிலும், இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் நிற்கிற கிழமைகளும்தான் பிள்ளையின் முகத்துக்குப் பெரிய அடி. வெயில் காப்பின் அளவான எஸ்பிஎஃப் 30 அல்லது 50, கூடவே யூவிஏ கதிரையும் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக ‘புரோட் ஸ்பெக்ட்ரம்’ அல்லது ‘பிஏ+++’ என்று இருந்தால் போதும். அதற்கு மேல் எண்ணைத் துரத்த வேண்டாம்.

சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டைஒக்சைட் வகை மென்மையானது, கண் எரியாது. ஆனால் எங்கள் நிறத்தில் சாம்பல் பூசினாற்போல வெளிறித் தெரியும். வகுப்பில் யாராவது ஒரு பேச்சுச் சொன்னால் பிள்ளை மறுநாள் பூசாது, பூசினாலும் துடைத்துவிட்டுப் போகும். அப்படியானால், வெள்ளைப் பூச்சுத் தெரியாமல் கதிரை உறிஞ்சுகிற இரசாயன வடிகட்டி வகைக்கு மாறுவதே புத்தி. பத்து வயதுக்கு அது பிழையல்ல. அதில் வருகிற வில்லங்கம் வேர்வையோடு வழிந்து கண்ணை எரிப்பது. புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலம் விட்டுப் பூசினால் பாதி தீரும். இரண்டுக்கும் நடுவே, மண்ணிறச் சாயம் சேர்த்த சிங்க் வகை அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

அளவு: பிள்ளையின் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு ஒவ்வொரு கோடு. தாயின் விரல் வேண்டாம், பிள்ளையின் விரலே அதன் முகத்துக்கு அளவுகோல். முகம், காது, பின்கழுத்து மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை கிராம். காது மடலும், இரட்டைப் பின்னல் போடுகிற பிள்ளைக்கு நடுவகிடும் பின்கழுத்தும் எப்போதும் மறந்துபோகிற இடங்கள். நாளுக்கு ஒரு தரம் போட்டாலே 50 கிராம் ரியூப் ஒன்று, ஒன்றரை மாதத்தில் முடிய வேண்டும். ஒரு ரியூப் ஆறு மாதம் வந்தால் பூசியதாகவே கணக்கில்லை. இதனால்தான் விலை கூடிய சின்ன ரியூப்பை விட, மனம் நோகாமல் பிதுக்கக் கூடிய விலையில் உள்ள பெரியதை நாங்கள் சிபாரிசு செய்கிறோம். வெளிக்கிட 15 நிமிடம் முன் பூச வேண்டும். மைதானத்திலோ கடலிலோ என்றால் இரண்டு மணிக்கொரு தரம் திரும்பவும். ஓட்டோவின் முன் தட்டிலும் ஜன்னல் ஓரத்திலும் வைத்த ரியூப், வெக்கையில் எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகப் பிரியும். பிதுக்கினால் முதலில் தண்ணீர் வந்தால் அது போச்சு.

வாங்கவே கூடாதவை

ரெட்டினோல் என்கிற விற்றமின் ஏ வகை முதுமைத் தோலுக்கானது. வயது வந்தவர்களுக்கே முகப்பூச்சில் 0.3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் வரம்பு போட்டது. பத்து வயதில் அதற்கு வேலையே இல்லை. கிளைக்கோலிக், லக்ரிக் அமிலங்கள், விற்றமின் சி சீரம், கரகரப்பான ஸ்கிரப், மூக்கில் ஒட்டி இழுக்கிற பட்டி எல்லாம் அதே பட்டியலில். நியாசினமைட் கெடுதல் செய்யாது, ஆனால் காசுக்குப் பிரயோசனமும் இல்லை.

வெள்ளையாக்கும் கிரீம்கள் வேறு சாதி. பான்சி கடைகளிலும் முகநூலிலும் வெளிநாட்டுப் பெட்டியில் வருகிற சிலவற்றில் பாதரசம் இருக்கும். சிலவற்றில் கிளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற, அழற்சியை அடக்குகிற கடும் ஸ்டெரொய்ட் மருந்து. பாதரசம் தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். தாய் பூசினாலும் அணைக்கிற பிள்ளைக்கும், ஒரே துவாயைப் பாவிக்கிறவர்களுக்கும் வரும். பெட்டியில் ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பாவிக்கவும்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே கீழே வையுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்து ஒட்டிவிடும் என்று நகைக்கடைப் பட்டறையில் கேட்டால் சொல்வார்கள். ‘கலோமெல்’, ‘மேர்கியூரஸ் குளோரைட்’ என்ற பெயர்களும் பாதரசந்தான். ஸ்டெரொய்ட் கிரீம் ஒரு கிழமையில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும். மாதங்களில் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு பொரிந்து, விட்டால் எரியும். தேமலுக்கும் படர்தாமரைக்கும் அதைப் பூசினால் வட்டம் மறைந்து கிருமி பரவும்.

குசினிச் சாமானில் தேசிக்காய்தான் மோசம். தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்து, பிறகு கறுத்து, அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். பற்பசை பருவைக் காய வைக்காது, சுடும். பயத்தம் மா கழுவுவதற்கு மோசமில்லை, ஆனால் துணியில் அரித்த மெல்லிய மாவாக இருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, குழைத்துத் தடவிக் கழுவ வேண்டும். முகப்பவுடர் வேர்வையோடு குழைந்து துவாரத்தை அடைக்கும். நெற்றியில் ஒட்டுப் பொட்டு வைக்கிற இடம் அரித்தாலோ வெளிறினாலோ பசைதான் காரணம். குங்குமமும் வேண்டாம், கொஞ்ச நாள் வெறும் நெற்றியாக விடுங்கள்.

பரு வந்துவிட்டால்

எட்டு ஒன்பது வயதிலிருந்தே சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் வேலை தொடங்கும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருக்கும். ஆகவே பெரியபிள்ளை ஆக முன்னமே நெற்றியிலும் மூக்கிலும் சின்ன முள்ளும் கறுப்பும் வருவது வழமைதான். ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிந்தும். முதலில் மருந்து தேடாதீர்கள், தலை எண்ணெயைப் பாருங்கள். முள்ளு தலைமயிர் தொடங்குகிற வரியோடு ஒட்டி நெற்றியில் மட்டும் இருந்தால், காலையில் தேங்காய் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னுவதுதான் காரணமாக இருக்கும். எண்ணெயைப் பின்னேரம் முழுகுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்கு மாற்றுங்கள். ஒரு தேக்கரண்டி போதும், நெற்றியோரம் ஒரு விரல் விட்டு. தலையணை உறையைக் கிழமைக்கு ஒரு தரம் மாற்றுங்கள். ஆறு கிழமை பாருங்கள்.

அப்போதும் சிவந்த பரு இருந்தால் பென்சோயில் பெரொக்சைட் 2.5 சதவீதம், அதுவும் வைத்தியரையோ பாமசிஸ்ட்டையோ கேட்டு. முழு முகத்துக்கும் ஒரு பயறளவு, முதல் இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில். 5 சதவீதம் இரட்டிப்பாகக் கேட்காது, எரிவுதான் கூடும். நிறத்துணியை இது வெளிற வைக்கும்: தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும், பாடசாலை ரையில் கை துடைக்க விடாதீர்கள். கட்டியாக நோகிற பரு, தழும்பு விழுகிற பரு, ஏழு வயதுக்கு முன் வருகிற பரு மூன்றும் கடைச் சரக்கால் தீர்க்கிற விஷயமல்ல. தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாங்கும்போது

பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கத்துப் பாமசிகளில் கேட்டு எடுப்பதே எங்கள் சிபாரிசு. சூப்பர்மார்க்கெட்டில் தெரிவு கூட, சொல்லித்தர ஆளில்லை. பான்சி கடையில் ரிபன் வாங்கலாம். இறக்குமதிச் சாமானில் இறக்குமதியாளரின் பெயர், விலை, தொகுதி எண், காலாவதித் திகதி உள்ள ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் இல்லாத சாமான் என்ன வழியால் வந்ததென்று கடைக்காரரும் சொல்ல மாட்டார். வெயில் படுகிற கண்ணாடி அலுமாரியில் முன்வரிசையில் நிற்பதை எடுக்காமல் உள்ளிருந்து கேளுங்கள். பற்றுச்சீட்டு வையுங்கள், சந்தேகம் வந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977.

பேஸ்வோஷ், மொய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒவ்வொன்றையும் முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இரண்டு தரம், ஏழு நாள் பூசிப் பாருங்கள். பேஸ்வோஷ் என்றால் முகத்தில் வைக்கிற அளவு நேரம் வைத்துக் கழுவிவிட வேண்டும். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்கு. மூடியில் திறந்த திகதியைப் பேனையால் எழுதுங்கள்: திறந்த டப்பாப் படத்துக்குள் ‘12’ என்று இருந்தால் அன்றிலிருந்து 12 மாதம். டப்பாவுக்குள் ஈரக் கை விடுகிற வீட்டில் அந்தக் கணக்குச் செல்லாது, பம்ப் போத்தலாக எடுங்கள்.